ஆடியில் மட்டும் வரும் கடா

அந்தக் காலத்தில் ஆட்டுக்கு வாய் இருந்தது, இரவுக்குக் காது இருந்தது. புத்திதான் எல்லாருக்கும் இல்லை. மேற்கு மலை உச்சியில் மேய்ந்த வரையாட்டுக் கடாக்களுக்கு அது சுத்தமாக இல்லை. வருஷம் முழுக்க அவர்களுக்குக் கல்யாண மாதம்தான். கொம்போடு கொம்பு மோதுவார்கள், ஜெயித்தவன் பெட்டைகளைத் துரத்திக்கொண்டு திரிவான். குட்டி எந்த மாதம் பிறக்கும், பிறந்தால் பிழைக்குமா என்று ஒருத்தனும் யோசித்ததில்லை. ஈனுகிறவள் பெட்டைதானே, அவனுக்கு என்ன வந்தது?

நல்லாத்தி என்ற பெட்டை போன ஆடியில் ஒரு குட்டி ஈன்றாள். அந்த மலையில் ஆடி மழை மேலேயிருந்து விழாது, பக்கவாட்டில் வந்து அறையும். அவள் குட்டியை நக்கி நக்கிக் காயவைத்தாள், மழை திரும்பத் திரும்ப நனைத்தது. பாறை மறைவுக்குத் தள்ளிக்கொண்டு போவதற்குள் அதன் கால்கள் விறைத்துவிட்டன. மடியில் பால் கட்டிக்கொண்டு, சரிவெல்லாம் கத்தித் திரிந்தாள். அதற்கு முந்தின குட்டியும் மழையில்தான் போயிருந்தது.

தை மாதம் வந்தது. வானம் வெளுத்தது. மந்தையின் பெரிய கடா சடையன், கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான்.

"எட்டப் போய்யா," என்றாள் நல்லாத்தி. "இப்பச் சேந்தா ஆறு மாசங் கழிச்சு ஆடியில ஈனணும். ஆடியில ஈனுனா குட்டி சாகும். போன வருசம் நீயுந்தான பாத்துக்கிட்டு நின்ன?"

"குட்டின்னா சாகத்தான் செய்யும். இன்னொண்ணு ஈனிட்டாப் போச்சு."

"ஈனிட்டாப் போச்சா? நீயா ஈனுற?"

"ஆம்பள ஒடம்பு, அது பாட்டுக்குக் கேக்குது. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்?" என்று அசைபோட்டான் சடையன்.

நல்லாத்திக்கு உச்சந்தலை முதல் குளம்பு வரை பற்றிக்கொண்டு வந்தது. சொல்கிற எனக்கே வருகிறது, பெற்றவளுக்கு வராதா? பக்கத்தில் மேய்ந்த பெட்டைகள் வேறு, "ஆம்பளைன்னா அப்பிடித்தான் இருப்பாங்க, பொறுத்துப் போ," என்று புத்தி சொன்னார்கள்.

"பொறுத்துப் பொறுத்துத்தான் ரெண்டு பிள்ளைய மழைக்குத் தூக்கிக் குடுத்தேன்," என்று சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று உச்சிக்கு ஏறினாள்.

அந்தி நேரம். வானத்துக்குப் பூசுகிற மைப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இரவு மறுபக்கச் சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தாள்.

"ஆத்தா, நில்லு," என்று வழிமறித்தாள் நல்லாத்தி. "ஆனி கழிஞ்சா நீ நீளுற, மார்கழி கழிஞ்சா குறையுற. ஒனக்குக் காலம் தெரியுது. எங்க கடாக்களுக்குத் தெரியல. அந்தக் கணக்க அவங்க மண்டையில ஏத்து."

இரவு பானையை இறக்கி வைத்தாள். "சொன்னாக் கேக்குற மண்டையா அது? இந்த மைதான் உள்ள போகணும். ஒரு சொட்டுப் போதும். நான் நீள ஆரம்பிச்சதும் அது ஊறும், அவன் ஒடம்பு முழிச்சிக்கும். மழை ஓயுறப்ப அவனும் ஓஞ்சிருவான். ஆடியில சேந்தா தையில குட்டி. வெயில்ல பொறக்கும்."

"அப்ப வந்து வையி."

"நான் எல்லாருக்கும் பொது, யாரையும் தொட மாட்டேன். ஒனக்குத் துணிச்சல் இருந்தா நீயே வையி."

நல்லாத்தி யோசிக்கவே இல்லை. இரண்டு கொம்பையும் மைக்குள் முக்கி எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

அவள் வருவதைப் பார்த்த சடையன், வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்தான். கடாவோடு மோதும்போது தலையைத் தாழ்த்தி முட்டுக் கொடுக்கத் தெரியும் அவனுக்கு. பெட்டை முட்டுவாள் என்று எந்தக் கடா கண்டான்? தலையை நிமிர்த்திக்கொண்டு சிரித்தபடி நின்றான். நல்லாத்தி பின்னங்கால்களில் எழுந்து, செத்துப்போன இரண்டு குட்டிகளையும் நினைத்து, அவன் நெற்றி நடுவில் இறக்கினாள். எலும்பு விட்டுக் கொடுத்தது. ஒரு சொட்டு மை கண்களுக்குப் பின்னால் ஆழத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மிச்சம் அவன் கழுத்திலும் முதுகிலும் தெறித்துக் கறுத்தது.

சடையன் தள்ளாடினான். சிலிர்த்து நின்ற கழுத்து மயிர் படிந்தது. தொடைகளுக்கிடையே கனத்துத் தொங்கியது சுருங்கிச் சுண்டைக்காய் ஆனது.

"என்னடி பண்ணுன என்னைய?" என்றான். குரலே எழும்பவில்லை.

"ஆடியில வா. அதுவரைக்கும் இந்தச் சரிவுல ஒன் குளம்பு படக் கூடாது."

பொறுத்துப் போகச் சொன்ன பெட்டைகள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக உச்சிக்கு ஏறினார்கள். அவர்களுக்கும் மழைக்குக் கொடுத்த குட்டிகள் இருந்தன. அடிபடாத கடா ஒன்றுகூட அந்த மலையில் மிஞ்சவில்லை.

சொன்னபடி ஆடியில் சடையன் வந்தான், தாரு பூசினதுபோல் கறுத்து, நெஞ்சு விம்ம. நல்லாத்தி அவனைச் சேர்த்துக்கொண்டாள், மன்னிக்கவில்லை. அடுத்த தையில் அவளுக்கு ஒரு குட்டி பிறந்தது. வெயிலில் கிடந்தது, காய்ந்தது, எழுந்து நின்று மடியை முட்டியது. எதிர்ச்சரிவில் கடாக்களோடு மேய்ந்துகொண்டிருந்த சடையன் தலை தூக்கிப் பார்த்தான். அவனைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து கிளம்பின.

"இம்புட்டுதானேடா? ஆறு மாசம் பொறுக்க மாட்டாம, எம்பிள்ளைக ரெண்டையும் கொன்னுட்டியே."

சடையன் தலை குனிந்துகொண்டான்.

அன்று முதல்தான், நாம் புதுப்பெண்ணைப் பிரித்துத் தாய்வீட்டுக்கு அனுப்புகிற ஆடியில் வரையாட்டுக் கடா உடம்பு கறுத்துப் பெட்டையைத் தேடி வருகிறது. மழை ஓய்ந்ததும், யாரும் விரட்டாமலே, விலகிப் போய்த் தனியே மேய்கிறது.