அயினி மரத்தைத் தாண்டிய பேட்

நாகர்கோவில் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியில் ஒரு சாஃப்ட்பால் பேட் இருந்தது. அலுமினிய உடம்பு, ஆசையோ உடம்பைவிடப் பெரிது. மைதானத்தின் எல்லையில் நிற்கும் அயினி மரத்தைத் தாண்டிப் பந்தை அனுப்பியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றது. அதைப் பிடித்து ஆடும் பெல்சியாவுக்கும் அதே வெறிதான்.

ஒரு நாள் அவள் அதைக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோனாள்.

"என் உள்சுவரைச் சுரண்டு. சுவர் மெலிந்தால் பந்து பறக்கும்" என்றது பேட்.

"ஆட்ட விதிப்படி அது தப்பு. சுரண்டியதைத் திரும்ப ஒட்டவும் என்னால் ஆகாது" என்றது அங்கிருந்த லேத்து இயந்திரம்.

"நான் புத்தி கேட்க வரவில்லை. வேலையைப் பார்."

லேத்து கரகரவென்று சலித்துக்கொண்டே சுரண்டிக் கொடுத்தது.

மறுநாள் பயிற்சியில் பந்து வீசியவள் பெல்சியாவின் உயிர்த்தோழி சுஜிலா. முதல் அடியிலேயே பந்து மரத்தை மறந்து நேராகச் சுஜிலாவிடம் பாய்ந்தது. கையுறையைத் தூக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"ஏட்டி, வலிக்கா?" பெல்சியா ஓடி வந்தாள்.

"பந்து வந்ததே தெரியல்லட்டி. கொஞ்சம் மேல பட்டிருந்தா மூஞ்சி போயிருக்கும்."

பேட்டுக்குத் திக்கென்றது. பைக்குள் போனதும் பந்திடம், "நீ கொஞ்சம் விலகிப் போயிருக்கலாமே?" என்று கேட்டது.

"நீ தள்ளிய வேகத்தில் எனக்கே கண் தெரியவில்லை. நாளைக்கு ஃபைனல். எவள் முகமோ!" என்றது பந்து.

பெல்சியாவுக்கும் மனசு உறுத்தத்தான் செய்தது. "இந்த ஒரு மேட்ச் மட்டும்" என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆட்டத்துக்கு முன்னால் நடுவர் பேட்டைத் தட்டிப் பார்ப்பார். சுரண்டிய பேட் கணீரென்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் மறுநாள் காலை பேட்டின் முனை மூடியைக் கழற்றி, உள்ளே பழைய துணியை அடைத்து மூடினாள்.

"மூச்சு விடாதே. இன்றைக்கு மரத்தைத் தாண்டிவிடலாம்" என்றது துணி.

பேட்டுக்கு ஆசை விடவில்லை. ஆனால் எதிரே, தோளில் கட்டோடு சுஜிலா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நடுவர் கையில் எடுத்ததும் பேட் பல்லைக் கடித்துக்கொண்டு மூடியையும் துணியையும் வெளியே துப்பியது. அவர் தட்டினார். கணீரென்ற சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது.

நடுவர் அதை விலக்கிவிட, வேறு பேட்டோடு ஆடிய பெல்சியாவின் அணி தோற்றது.

"பாவி, மானத்த வாங்கிட்டியே!" என்று அவள் பேட்டை மூலையில் எறிந்தாள்.

"அது உள்ளதத்தான் சொல்லிச்சு. அடி பட்டப்பவே எனக்கும் தெரியும். நம்ம ரெண்டு பேருக்குந்தான் வாய் வரல்ல" என்றாள் சுஜிலா.

சில நாள் கழித்துப் பெல்சியாவே பேட்டில் கயிறு கட்டி மைதானத்து ஓரக் கம்பியில் தொங்கவிட்டாள். பயிற்சிக்குப் பிள்ளைகளைக் கூப்பிட இனி அதுதான் மணி.

"பாவம், அந்த மரம் இனி உனக்கு எட்டாது" என்றது பந்து.

தோள் குணமான சுஜிலா பேட்டை ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். அயினி மரத்துக்கு அந்தப் பக்கம் இருந்த விடுதியிலிருந்து, சத்தம் கேட்டுப் பிள்ளைகள் ஓடி வந்தார்கள்.