ராணி வாசல் கதவின் கிரீச்சு

முன்னொரு காலத்திலே ஆலங்காவூர் நாட்டை வேங்கைமாறன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். பெயரில்தான் வேங்கை. மழை வந்தால் கட்டிலைத் தானே மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொள்வார். அரண்மனை அப்படி ஒழுகும்.

ஒருநாள் பருப்புச் சோற்றில் குழி பண்ணி, நெய்க்காகக் காத்திருந்தார். நெய்க்கு முன்னால் கூரைத்தண்ணீர் வந்து குழியை நிரப்பிவிட்டது. ராஜா இலையைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார்.

"இனி இந்த அரண்மனையில் ஓர் ஓட்டை இருக்கக் கூடாது, ஓர் ஆட்டம் இருக்கக் கூடாது, ஒரு சத்தம் இருக்கக் கூடாது" என்று ஆணை போட்டுவிட்டு ரசத்துக்குப் போய்விட்டார்.

வேலை மந்திரி சிற்றம்பலத்தின் தலையில் விழுந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்களோடு இறங்கினார். ஓடு மாற்றினார்கள், சுண்ணாம்பு அடித்தார்கள், ஆடுகிற கட்டிலுக்கு ஆப்பு வைத்தார்கள். ராணி வாசலில் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்த பெரிய கதவை நிமிர்த்தி, விளக்கெண்ணெய் விட்டார்கள். சுண்டுவிரலால் தள்ளினாலும் திறந்தது.

அன்று மாலை ராஜா அந்தக் கதவைத் தள்ளி உள்ளே போனார். போன வேகத்தில் திரும்பி வந்து சபையைக் கூட்டினார். முகம் சுண்டிப்போயிருந்தது.

"என் கிரீச்சு எங்கே?"

சபை விழித்தது.

"சின்ன வயசில் விளையாடிவிட்டு வந்து அந்தக் கதவைத் தள்ளுவேன். கிரீச் என்னும். உள்ளேயிருந்து அம்மா, 'வந்துட்டியா?' என்பாள். அம்மா போய் எத்தனையோ வருஷம் ஆயிற்று. கிரீச்சு மட்டும் இருந்தது. கேட்டதும் ஒரு நிமிஷம் நிற்பேன். இன்றைக்கு நிற்காமல் போய்விட்டேன் ஐயா, நேரே உள்ளே போய்விட்டேன்."

சத்தம் கூடாது என்றவரே அவர்தான். அதை எடுத்துச் சொல்ல யாருக்குத் தைரியம்? அரண்மனை அதிகாரி கொண்டல்ராயருக்கு மட்டும் வாய் துறுதுறுத்தது. மந்திரியின் ஆசனத்தின்மேல் அவருக்கு வெகுநாளாகக் கண்.

"அடியேன் தலைதலையாய் அடித்துக்கொண்டேன் பிரபு" என்றார் மூக்கால். "பழைய கதவு, தொடாதீர் மந்திரியாரே என்றேன். கேட்டால்தானே."

ராயர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. ஆனால் ராஜா மந்திரியைத்தான் முறைத்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள் அதே சத்தம் வரவேண்டும். இல்லையென்றால் நீர் இந்த நாட்டிலேயே இருக்கக் கூடாது."

மந்திரி எண்ணெயைத் துடைத்தார். "ஙீ" என்றது கதவு. "இது கொசு" என்றார் ராஜா. மணல் தூவினார். "க்ராவ்" என்றது. "வாலை மிதித்த பூனை. என் கிரீச்சு இதில்லை."

இதுதான் சமயமென்று ராயர் முன்னால் வந்தார். "சத்தத்தை நான் வரவழைக்கிறேன் பிரபு. மந்திரி ஆசனம் எனக்கென்றால்."

"வரவழையும், பார்ப்போம்."

மறுநாள் ராஜா கதவைத் தள்ளினார். கிர்ர்ர்... ஈஈச். ராஜாவின் கண் நிறைந்தது. நெஞ்சில் கைவைத்துப் பாதியிலேயே நின்றுவிட்டார். கதவும் நின்றது. சத்தம் நிற்கவில்லை. ஈஈஈச் என்று போய்க்கொண்டே இருந்து, கடைசியில் இரண்டு இருமல் இருமியது.

ராஜா கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். ராயர் வாயைக் குவித்தபடி குந்தியிருந்தார்.

"தொண்டை கட்டிக்கொண்டதோ?" என்றார் ராஜா.

ராயரின் வேஷம் கலைந்ததே ஒழிய மந்திரியின் தலை தப்பவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவர் வீட்டில் மூட்டை கட்டினார்கள். அவர் மனைவி மரகதம், "அம்மிக்கல்லையும் எடுத்துக்கிறதா, விட்டுடறதா?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினாள். மகள் வாசல் கதவில் தொற்றி ஆடிக்கொண்டிருந்தாள்.

"இறங்குடி. ஆடி ஆடித்தான் கதவே தொங்கிப்போய்க் கத்துது."

மந்திரி மூட்டையைக் கீழே வைத்தார்.

அரண்மனைக்கு ஓடி, ராணி வாசலில் குனிந்து, கதவின் அடிச்சட்டத்தைத் தடவினார். ராஜாவைக் கூப்பிட்டு, மகள் கதவில் ஆடுவதைச் சொல்லிக் காட்டினார். அங்கே மரம் இரண்டு இடத்தில், சின்னக் கால்கள் நின்று நின்று தேய்ந்ததுபோல், வழவழவென்று குழிந்திருந்தது.

"எந்தத் தச்சனும் கிரீச்சு வைத்துக் கதவு செய்யமாட்டான் மகாராஜா. இந்தக் கால்கள்தான் வைத்திருக்கின்றன. யாருடையவை?"

ராஜா தன் காலை ஒரு குழியில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் மட்டும்தான் அடங்கியது. வெட்கமாகச் சிரித்தார்.

"அப்படியானால் தாங்கள்தான் ஏறவேண்டும்" என்றார் மந்திரி.

ராஜா கிரீடத்தைக் கழற்றி மந்திரியிடம் கொடுத்தார். சேவகர்களை முகத்தைத் திருப்பிக்கொள்ளச் சொன்னார். கதவின் இரண்டு குமிழ்களையும் பிடித்துக்கொண்டு தொற்றி ஏறினார்.

"ராயரே, தள்ளும்" என்றார், வேடிக்கை பார்க்க வந்து நின்ற ராயரிடம்.

ராயர் தள்ளினார். கதவு போனது, வந்தது. இன்னும் தள்ளினார், வியர்த்தது. சின்னப்பிள்ளை வருஷக்கணக்காக ஆடித் தொங்கவைத்த கதவு. ராஜாவின் இப்போதைய தொந்திக்கு மத்தியானம்வரைகூடத் தாங்கவில்லை. முதலில் க் என்றது. பிறகு கிர் என்றது. கீழ்மூலை இறங்கி வாசற்படியை உரசவும், கிர்ர்ர்... ஈஈச்.

ராஜா இறங்கவில்லை. கதவில் தொங்கியபடியே தீர்ப்புச் சொன்னார்.

"சிற்றம்பலம், உம் மூட்டையை அவிழ்க்கச் சொல்லும். என் முத்துமாலை உம் மகளுக்கு. உங்கள் வீட்டுக் கதவிலிருந்து அவளை யாரும் இறங்கச் சொல்லக் கூடாது, இது ராஜாங்க உத்தரவு. ராயரே, கதவுச் சத்தத்தின்மேல் உமக்கு இவ்வளவு ஆசை. இனி வெள்ளிதோறும் நீர் இதில் ஏறி ஆடும். கிரீச்சு குறைந்தால் உம்மைத்தான் கேட்பேன்."

"உத்தரவு பிரபு" என்றார் ராயர். மூக்கால் பேச மறந்துவிட்டார்.

மாலையில் எல்லாரும் போன பிறகு ராஜா தனியாக வந்து கதவைத் தள்ளினார். கிரீச். நின்றார். உள்ளே பூத்தொடுத்துக்கொண்டிருந்த ராணி செங்கமலம் நிமிராமலே கேட்டாள்.

"வந்துட்டீங்களா?"

ராஜா உள்ளே காலெடுத்து வைத்தார்.

"வந்துட்டேன்" என்றார்.