பத்தொன்பது படங்களும் மூன்று படிகளும்

இந்தப் புதிருக்குக் கூட்டல் கழித்தல் தேவையில்லை. நிதானமாகப் படித்தால் போதும்.

குற்றாலத்தில் முப்பிடாதி என்ற பெண் ஒரு சிறிய தங்கும் விடுதியைக் குத்தகைக்கு எடுத்து நடத்திவந்தார். இரண்டு சாரல் காலங்களாகப் பாதி அறைகள் பூட்டியே கிடந்தன. அவருக்கு அலுத்துவிட்டது.

“இந்த சீசனும் இப்படின்னா சாவியைத் திருப்பிக் குடுத்துருவேன். யாரு அறையை நிரப்புதீகளோ, அவுகளே விடுதியை நடத்துங்க. நான் கொஞ்சம் உக்காருதேன்” என்று தம்பியிடமும் வேலையாட்களிடமும் சொல்லிவிட்டார்.

தம்பி இசக்கிதுரை சித்திரை மாதத்தில் விடுதிக்கு ஓர் இணையதளம் அமைத்தார். இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் பக்கங்களில் படங்களைப் பொருத்தினால் போதும், தளம் தயாராகிவிடும். பத்தொன்பது படங்கள். ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுத ஒரு கட்டம் இருந்தது. எல்லாவற்றிலும் ஒரே வரியை ஒட்டினார்: ‘குற்றாலத்தின் சிறந்த லாட்ஜ்.’ ஊரில் எல்லா லாட்ஜும் அதையே எழுதியிருந்தன. தேடினால் இவர்களுடையது ஐந்தாம் பக்கத்தில் கிடந்தது.

ஒருநாள் விருதுநகரிலிருந்து போன் வந்தது. பேசியவர், தம் உறவினர் சொல்லி இந்த விடுதியில் அறை கேட்டிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருக்குப் பார்வை கிடையாது. இணையப் பக்கங்களை அவருடைய போன்தான் வாசித்துச் சொல்லும்.

“ஏம்மா, படத்துக்குப் படம் ‘சிறந்த லாட்ஜ்’னே வாசிக்குது. காது புளிச்சுப்போச்சு. என் வீட்டுக்காரிக்கு முட்டியை மடக்க முடியாது. வாசல்ல படி இருக்கா, அதைச் சொல்லுங்க.”

“மூணு இருக்குங்கய்யா. கைப்பிடியும் இல்ல” என்றார் வரவேற்பு மேசையில் இருந்த ஜன்னத்.

ஆசிரியர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஜன்னத், வேலை ஓய்ந்த மதியங்களில், அந்தக் கட்டங்களில் உள்ளதை உள்ளபடி எழுதினார். ‘வாசலில் மூன்று படிகள், கைப்பிடி இல்லை.’ ‘குளியலறை, வெந்நீர் உண்டு, தரை வழுக்கும்.’

“கடையைத் திறந்து வச்சு, வராதீகன்னு போர்டு மாட்டுதியாக்கும்?” என்றார் இசக்கிதுரை.

“வந்து இறங்கி, படியைப் பாத்துட்டுத் திரும்பிப் போறதுக்கு, வராமலே இருக்கலாம்லா அண்ணாச்சி?”

முப்பிடாதி படிகளைப் பற்றிய அந்த வரியை இரண்டு தடவை படித்தார். மறுவாரம் கொத்தனாரை அழைத்து, படியோரம் சாய்தளமும் கைப்பிடியும் கட்டவைத்தார். ஜன்னத் வரியை மாற்றினார்: ‘படி ஏறாமல் உள்ளே வரலாம். சாய்தளமும் கைப்பிடியும் உண்டு.’

சில வாரங்களில், ‘குற்றாலம், படி ஏறாமல் தங்க’ என்று தேடியவர்களுக்கு இந்த விடுதியே முதலில் வந்தது. முதியவர்களை அழைத்துக்கொண்டு குடும்பங்கள் வந்தன. ஆவணி பிறப்பதற்குள் அறைகள் நிரம்பின.

“தளம் போட்டது நானுல்லா?” என்றார் இசக்கிதுரை.

“வந்தவுக தேடுனது நான் எழுதுன வார்த்தையை” என்றார் ஜன்னத்.

“அப்ப சாய்தளம் கட்டுன நானே மறுபடியும் நடத்தணுமாக்கும்?” என்று பெருமூச்சு விட்டார் முப்பிடாதி.

வாசகர்களே, அறைகளை நிரப்பியது யார்? விடுதி யார் கைக்குப் போக வேண்டும்?

விடை: ஜன்னத் கைக்கு. தேடுபொறிக்கும் படம் தெரியாது, எழுத்துதான் தெரியும். இசக்கிதுரையின் எழுத்து யாரையும் அழைத்துவரவில்லை. சாய்தளம் முப்பிடாதி கட்டியதுதான். ஆனால் அந்த மூன்று படிகளில் இரண்டு வருடம் ஏறி இறங்கியும் அவர் அவற்றைப் பார்க்கவில்லை. ஒரு வரியாகப் படித்தபோதுதான் பார்த்தார்.

சாவியை வாங்கிய ஜன்னத் அன்றே ஒரு புதிய வரி எழுதினார்: ‘மாடிக்கு லிஃப்ட் இல்லை.’ முப்பிடாதி அதைப் படித்துவிட்டு, அப்போதுதான் உட்கார்ந்த நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்தார்.