டாக்டருக்குக் காட்டிய பொடி

"தினமும் ஜன்னல் வழியா பொடியை ஆட்டுறீங்க. டாக்டர் தும்மினதுல ஊசி தலையணையில குத்திருச்சு. பேஷண்ட் என்னடான்னா, 'வலிக்கவே இல்லை, கைராசி'ன்னுட்டுப் போறார்" என்று பொரிந்தாள் நர்ஸ் சகாயமேரி.

மூன்றாம் முறையாகக் கேட்டும் மாசிலாமணிக்குத் தன் குற்றம் என்னவென்று விளங்கவில்லை. கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்குள் சர்க்கரை இறங்கியாக வேண்டும். "நாட்டுப் பொடி எதுவானாலும் என்கிட்ட காட்டாம வாயில போடாதீங்க. நான் கொடுத்த மாத்திரையோட சேர்ந்தா சர்க்கரை தடாலுன்னு இறங்கிடும்" என்றிருந்தார் டாக்டர். மாசிலாமணிக்கு அது வேதவாக்கு. தம்பிகள் ஞானக்கண்ணுக்கும் சூசைக்கும் அதற்கு மேல்.

முதலில் வெந்தயப் பொடியை ஆஸ்பத்திரி ஜன்னல் வழியாகக் காட்டியபோது டாக்டர் யாருக்கோ நாடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவர் பார்க்கலியே அண்ணே" என்றான் சூசை.

"காட்டச் சொன்னார், காட்டியாச்சு. பார்க்கிறது அவர் பாடு" என்று விழுங்கினார் மாசிலாமணி.

சிறுகுறிஞ்சான் பொடி வாங்கிய அன்று டாக்டர் ஒரு கல்யாணத்தில் இருந்தார். மூவரும் பந்திக்கே போய், அவர் இலைக்கு எதிரே பொட்டலத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். வாய் நிறைய ஜாங்கிரி. பேச முடியாமல் கையை ஆட்டினார். ஞானக்கண் அதை ஆசீர்வாதம் என்றான். பாகற்காய்ப் பொடிக்கு ஸ்கூட்டரில் போகிற டாக்டரின் முதுகுதான் கிடைத்தது. முதுகும் டாக்டருடையதுதானே.

அப்புறம் தினமும் ஜன்னலில் ஆட்டிக் காட்டிவிட்டு மூன்று பொடி, கூடவே மாத்திரை. நர்ஸிடம் திட்டு வாங்கி வீடு திரும்பியதும் மாசிலாமணிக்குக் கை நடுங்கியது, சட்டை தொப்பலாயிற்று, சூசை இரண்டாகத் தெரிந்தான். ஒரு சூசையையே தாங்க முடியாது.

ஞானக்கண் போன் போட்டான். "சர்க்கரை ரொம்ப இறங்கிருச்சு. மூணு ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சு உடனே கொடுத்து, இங்க கூட்டிட்டு வாங்க" என்று கத்தினார் டாக்டர்.

சூசை டப்பாவைத் திறந்தான். ஞானக்கண் அவன் கையைப் பிடித்தான்.

"இதை டாக்டருக்குக் காட்டினோமா?"

"இது பொடியா?"

ஞானக்கண் விரலில் நெருடிப் பார்த்தான். "பொடிதான்."

"கரும்புல வருது. அப்போ நாட்டுப் பொடியேதான்."

"அவரே கொடுக்கச் சொன்னாரே?"

"சொன்னார். போன்ல எப்படிக் காட்டுறது?" என்றான் சூசை.

நடுங்கிக்கொண்டிருந்த மாசிலாமணிக்கும் அது நியாயமாகப் பட்டது. டாக்டரிடம் காட்டச் சர்க்கரை டப்பாவையும், எதற்கும் இருக்கட்டும் என்று வெல்லம், வாழைப்பழம், ஜாம் பாட்டில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு, அண்ணனைத் திண்ணையிலேயே விட்டுவிட்டுத் தம்பிகள் ஆட்டோவில் ஏறினார்கள். மாசிலாமணியின் கண்ணுக்கு ஆட்டோவும் இரண்டாகத் தெரிந்தது. இரண்டும் தெருமுனை திரும்பிய பிறகுதான் அவருக்கு யோசனை வந்தது. காலித் தெருவைப் பார்த்துக் கத்தினார்.

"சூசை, ஒரு ஸ்பூன் மட்டும் இங்க வச்சுட்டுப் போடா. மிச்சத்தைக் காட்டினதும் ஒரு போன் பண்ணு, நான் வாயில போட்டுக்கறேன்."