நடுவில் நின்ற சோதனை

சாயங்காலம் புயல் கரையைக் கடக்கும் என்றார்கள். அதற்குள் ஆம்புலன்ஸ் அனுப்பும் மென்பொருளில் செய்த மாற்றம் வேலைக்கு வந்தாக வேண்டும்.

மாற்றம் என்னவோ சின்னதுதான். வண்டிக்கு வழி சொல்லும் சர்வீஸ், அதாவது மென்பொருளின் அந்தப் பகுதி, சாலை தண்ணீரில் மூழ்கியிருந்தால் இனி 'வழி இல்லை' என்றும் பதில் சொல்லும். ஆனால் ஒன்றைத் தொட்டால் இன்னொன்று உடைவது அந்தத் தொழிலில் சகஜம். பழையதெல்லாம் பழையபடி ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனைகள் மலைபோல் கிடந்தன. எல்லாவற்றையும் ஓட்ட ஒரு முழு நாள் வேண்டும். ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை கொடுத்திருந்ததோ மதியம்வரைதான்.

எவற்றை ஓட்டுவது, எதை முதலில் ஓட்டுவது என்று தீர்மானிக்கும் வேலை தணிகைவேல் தலையில் விழுந்தது. நெட்வொர்க் பிரிவில் தலை நரைத்து, சமீபத்தில்தான் சோதனைப் பிரிவுக்கு வந்தவர் அவர். அவருக்கு இந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுத்த ஷாகிரா வயதில் சிறியவர். அதிகம் பேசமாட்டார்.

தணிகைவேல் காலையிலேயே உட்கார்ந்து சோதனைகளைத் தேர்ந்தெடுத்தார். ஒரு வரிசை போட்டு ஷாகிராவிடம் எடுத்துக்கொண்டு போனார்.

"மேடம், இந்த வரிசை சரியா?"

"ஓட்டுங்க, பார்க்கலாம்."

ஓட்டினார். சோதனை தேறியதற்கு அடையாளமாகத் திரையில் ஒவ்வொன்றாகப் பச்சை விழுந்தது. அவருக்கு மூச்சு சீராகிக்கொண்டு வந்தபோது ஷாகிரா கை நீட்டி ஓட்டத்தை நிறுத்திவிட்டார்.

"ஐயோ, இன்னும் முடியலையே!"

"தெரியும். இதுவரைக்கும் உங்களுக்கு என்ன தெரிஞ்சுது?"

தணிகைவேல் திரையைப் பார்த்தார். "லாகின் வேலை செய்யுது. மொழி மாத்தலாம். டிரைவர் போட்டோ வருது."

"அதையெல்லாம் யாராவது தொட்டாங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் முதல்ல?"

"சீக்கிரம் முடியும். பச்சையா வந்தா மனசுக்கு ஒரு தெம்பு."

ஜன்னல் கண்ணாடியைக் காற்று தட்டியது.

தணிகைவேல் தன் இடத்துக்குப் போய், மாற்றம் தொடாதவற்றை எல்லாம் ஒதுக்கினார். வழி சொல்லும் சர்வீஸின் சோதனைகளை முன்னால் வைத்து மறுபடி ஓட்டினார். ஷாகிரா இந்த முறை இன்னும் சீக்கிரமே நிறுத்தினார்.

"இப்ப?"

"வழி இல்லாதப்போ இல்லைன்னு சரியாச் சொல்லுது."

"யார்கிட்ட?"

அந்தப் பதில் போய்ச் சேரும் இடங்களை அவர் வரிசையில் தேடினார்.

"எந்தச் சோதனையைப் பார்க்க உங்களுக்குப் பயமா இருக்கு, தணிகை சார்?"

யோசிக்க வேண்டியிருக்கவில்லை. "எந்த வண்டியை அனுப்பணும்னு பொறுக்குற சர்வீஸ். இந்தப் புதுப் பதில் போய்ச் சேர்ந்தா அது என்ன பண்ணும்னு எனக்குத் தெரியல."

"அது வரிசையில எங்க இருக்கு?"

"கடைசியில. ரொம்ப நேரம் எடுக்கும்னு…"

பாதியில் நிறுத்திக்கொண்டார். காரணம் அதுவல்ல என்று அவருக்கே தெரிந்தது.

அதைத் தூக்கி முதலில் வைத்தார். ஓடியது. சிவப்பு.

'வழி இல்லை' என்ற பதிலில் தூரம் கிடையாது. பொறுக்கும் சர்வீஸ் அந்த வெற்றிடத்தைப் பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டிருந்தது. பூஜ்ஜியம் என்றால் மிக அருகில் என்று அர்த்தம். ஆற்றுக்கு இந்தக் கரையில் நோயாளி, அந்தக் கரையில் வண்டி. கடக்கவே முடியாத அந்த வண்டியைத்தான் அது முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தது. பக்கத்துத் தெருவில் சும்மா நின்ற வண்டியை விட்டுவிட்டது.

தணிகைவேல் எழுந்து ஓடினார். அந்த சர்வீஸை எழுதியவரை, சாப்பாட்டுத் தட்டோடு இருந்தவரை, கையோடு அழைத்துவந்தார். அவர் திருத்திக் கொடுத்ததும் அதே சோதனை மறுபடி ஓடியது. பச்சை. அடுத்து, அந்தப் பதில் போய்ச் சேரும் மற்ற சர்வீஸ்கள். அவையும் தாங்கின.

மீதிச் சோதனைகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் வந்தது.

"பாலத்து மேல தண்ணி ஏறிடுச்சுங்க. இனிமே எங்களால காத்திருக்க முடியாது. தர்றீங்களா, இல்லையா?"

தணிகைவேல் ஷாகிராவைப் பார்த்தார். ஷாகிரா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தர்றோம்" என்றார் தணிகைவேல்.

மாற்றம் வேலைக்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் முதல் வண்டி கிளம்பியதாகத் தகவல் வந்தது. வெள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்ற வண்டி. அப்போதும் அவருக்கு நாற்காலியில் சாய்ந்து உட்கார முடியவில்லை.

"மேடம், மீதி ஓடி முடியவே இல்லையே. அதுல ஏதாவது இருந்தா?"

"இருக்கலாம்."

"அப்ப நாம பண்ணினது சரியா?"

ஷாகிரா அவர் பக்கம் திரும்பினார்.

"காலையில நீங்க கொண்டுவந்த வரிசையை ஓட்டியிருந்தா, அந்த போன் வர்றப்போ மீதியில எது இருந்திருக்கும்?"

தணிகைவேல் காலையில் போட்ட வரிசையை எடுத்துப் பார்த்தார். வண்டி பொறுக்கும் சர்வீஸ் அதில் கடைசி வரியில் இருந்தது.