துவர்ப்பாக வந்த தூதர்கள்

பெரிய காடு ஒன்றில், குன்றின் அடியில் ஒரு குகை. குகைக்குள் இருட்டான சுனை. அந்தச் சுனைக்குக் காவல் ஓர் உடும்பு. உடும்பு ஒன்றைப் பிடித்தால் விடாது என்று உங்களுக்குத்தான் தெரியுமே, குழந்தைகளே.

காட்டுக்குத் தெற்கே வானில் ஒரு சிவந்த கிழ விண்மீன் இருந்தது. அது என்றாவது வெடிக்கும், அப்போது கண்ணைப் பறிக்கும் ஒளி வரும் என்று எல்லா விலங்குகளுக்கும் பயம். நல்லவேளையாக, ஒளிக்கு முன்னால் தூதர்கள் வருவார்கள். நியூட்ரினோக்கள் என்று பெயர். ஒளி விண்மீனின் வயிற்றுக்குள் முட்டி மோதி வெளியே வருவதற்குள் அவர்கள் நழுவி வந்துவிடுவார்கள். மலையே குறுக்கே நின்றாலும் ஊடுருவிப் போவார்கள். அபூர்வமாக யாராவது ஒருவர் சுனை நீரில் இடறினால் நீர் நீலமாக மினுங்கும். உடனே உடும்பு தன் பிளந்த நாக்கை நீட்டிச் சுவைத்துப் பார்க்கும். புளிப்பு, துவர்ப்பு, கசப்பு என்று நியூட்ரினோக்களில் மூன்று குலம்.

குகைக்கு வெளியே ஒரு மரப்பொந்தில் ஆந்தை தன் இரண்டு குஞ்சுகளோடு வாழ்ந்தது. பொந்தின் வாய் தெற்கே பார்த்திருந்தது.

"உடும்பண்ணா, சேதி வந்தால் உடனே கூப்பிடுங்கள். குஞ்சுகளைக் குகைக்குள் கொண்டுவந்துவிடுவேன். அவற்றின் கண் அந்த ஒளியைத் தாங்காது" என்றது ஆந்தை.

"கவலையை விடு தங்கச்சி. அந்த விண்மீனிலிருந்து முதலில் புறப்படுகிறவர்கள் புளிப்புக் குலம். புளித்ததும் குரல் கொடுக்கிறேன். என் நாக்கு ஏமாறாது" என்றது உடும்பு.

ஒரு நாள் காலை சுனை மினுங்கியது. உடும்பு நாக்கை நீட்டியது. துவர்த்தது.

"யார் நீ?"

"சிவந்த விண்மீனின் தூதன். விண்மீன் வெடித்துவிட்டது. பின்னாலேயே ஒளி வருகிறது. எல்லோரையும் உள்ளே போகச் சொல்."

"அங்கிருந்து வருகிறவன் புளிக்க வேண்டுமே?"

"புளிப்பாகத்தான் கிளம்பினேன். அந்த வயிற்றுக்குள் எள் போட்டால் எள் விழாத கூட்டம். நெரிசலில் பக்கத்தில் வந்தவன் சுவை எனக்கு ஏறியது, என் சுவை அவனுக்குப் போனது. கெட்டியான அடுக்குகளைத் தாண்டும்போது மறுபடியும் மாறியது."

"கிளம்பும்போது ஒன்று, வரும்போது ஒன்றா? யாரிடம் கதை அளக்கிறாய்? போ, போ."

தூதனால் நிற்க முடியாது. பூமியை ஊடுருவி மறுபக்கம் போய்விட்டான்.

அடுத்தவன் கசந்தான். அவனும் அதே சேதியைச் சொன்னான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். நடுவில் ஒருவன் புளிக்கக்கூடச் செய்தான். "இந்தக் கூட்டத்தோடு வந்த நீயும் களவாணிதான்" என்று உடும்பு அவனையும் விரட்டியது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவனை யார் என்ன செய்வது?

கடைசியில் சுனை அடங்கியது. ஒரு பொய்யனையும் நம்பவில்லை என்ற நிறைவோடு உடும்பு கண்ணை மூடியது.

அன்று பொழுது சாயும் வேளை. மேற்கே சூரியன் இருக்கும்போதே தெற்கே இன்னொரு சூரியன் வெடித்துக் கிளம்பியது. மான்கள் ஓட மறந்து நின்றன. குரங்குகள் பிடித்த கிளையை விட்டுவிட்டன. இரை தேடக் கிளம்பியிருந்த ஆந்தை பதறிப் பறந்து, குஞ்சுகளைக் கவ்விக்கொண்டு குகைக்குள் வந்து விழுந்தது.

"அண்ணா, சேதி வரவில்லையா?"

"வந்தது. சுனை கொள்ளாத கூட்டம். ஆனால் துவர்த்தது தங்கச்சி, கசந்தது."

"என்ன சொன்னார்கள்?"

"ஒளி வருகிறது என்றார்கள்."

"எல்லோருமா?"

"எல்லோரும்தான்."

தான் சொன்னது என்ன என்பது உடும்புக்கு அப்போதுதான் உறைத்தது.

வெளியே காடு முழுக்க வெள்ளையாகத் தகித்தது. சின்னக் குஞ்சு தாயின் சிறகுக்குள்ளிருந்து தலையை நீட்டி, அந்த வெளிச்சத்துக்கு நேராக முகத்தைத் திருப்பியது.

"அம்மா, அதற்குள்ளேயா இருட்டிவிட்டது?"

நீதி: வந்தவன் எந்தக் குலம் என்று பார்த்துக்கொண்டே இருப்பவன், வந்த சேதியைக் கோட்டை விடுவான்.