கூப்பிடு தூரம்

ஒரு காட்டில், எந்தக் கோடையிலும் வற்றாத ஏரி ஒன்று இருந்தது. ஒரு வருஷம் பக்கத்துக் காடெல்லாம் காய்ந்துபோயிற்று. தாகத்தோடு வந்த விலங்குகள் ஏரிக்கு வழி தெரியாமல் அலைந்தன. அதனால் முச்சந்தியில் வழிகாட்டிப் பலகை ஒன்று வைக்க முடிவானது.

எழுத்தைக் கொத்தும் வேலை மரங்கொத்திக்கு. என்ன எழுதுவது என்று சொல்லும் வேலை யானைக்கு. வினை அங்கேதான் தொடங்கியது, குழந்தைகளே!

"முதலில் நம் காட்டின் பெருமையை எழுது," என்றது யானை.

பெருமை பதினாறு வரி போயிற்று. அதில் ஐந்து வரி, யானையின் கொள்ளுப்பாட்டனார் ஏரியை வெட்டியதைப் பற்றி. மரங்கொத்திக்கு அலகு வலித்தது.

"ஐயா, தண்ணீர் எங்கே என்று எப்போது எழுதுவது?"

"அடியில் இடம் இருக்கிறதே! 'ஏரி, வலப்பக்கம், கூப்பிடு தூரம்' என்று போடு."

"யார் கூப்பிடும் தூரம்?"

"இது என்ன கேள்வி? நான் இங்கே பிளிறினால் ஏரிக்கரையில் கேட்கும்."

"பாறைக்குப் பின்னால் ஊற்று ஒன்று இருக்கிறதே, அதையும்..."

"அதுவா? என் தும்பிக்கை நனையக்கூடக் காணாது. விடு!"

மரங்கொத்திக்கு மரத்தில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. முட்டியும் கொண்டது. அதன் வேலையே அதுதான் என்பதால் ஒருவரும் கவனிக்கவில்லை.

மறுநாள் உச்சி வெயிலில் ஒரு முள்ளெலி தன் குட்டியோடு வந்தது. குட்டி நாக்கு வறண்டு துவண்டிருந்தது. தாய் பதினாறு வரியையும் படித்து முடித்த பிறகுதான் தண்ணீர் பற்றிய வரி வந்தது.

"கூப்பிடு தூரமாம்! ஏரிக்கரையில் யாராவது இருக்கிறீர்களா?" என்று கீச்சுக் குரலில் கூப்பிட்டது. பதில் இல்லை. மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்தது.

"ஒருவருக்கும் கேட்கவில்லையே! ஏரியும் இல்லை, ஒன்றும் இல்லை. பலகை பொய் சொல்கிறது," என்று குட்டியை இழுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பியது.

மேலே இருந்து பார்த்த மரங்கொத்தி சட்டென்று கீழே பறந்து வந்தது. "நில்லுங்கள் அம்மா! திரும்பிப் போனால் குட்டி பிழைக்காது. இந்தப் பாறைக்குப் பின்னால் ஊற்று இருக்கிறது. உங்கள் காலால் முப்பதே அடி!"

குட்டி குடித்தது. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து நின்றது. ஆனால் மரங்கொத்தியின் கோபம் ஆறவில்லை. தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு குட்டி சாகக் கிடந்ததே! பலகையிலிருந்த பெருமை முழுவதையும் கொத்தித் தள்ளிவிட்டுப் புதிதாக எழுதியது: "ஊற்று: பாறைக்குப் பின்னால், முள்ளெலிக்கு முப்பது அடி. ஏரி: வலப்பக்கம், முள்ளெலிக்கு ஒரு பகல் நடை."

யானை வந்து பார்த்துத் தாம் தூம் என்று குதித்தது. "என் கொள்ளுப்பாட்டனார் எங்கே? முள்ளெலிக் கணக்கில் எழுதி வைத்தால் எனக்கு எப்படி வழி தெரியும்?"

"உங்களுக்குத்தான் வழி தெரியுமே, ஐயா!" என்றது மரங்கொத்தி.

நீதி: வழி சொல்கிறவர், கேட்கிறவரின் காலால் அளந்து சொல்ல வேண்டும்.